எண்ணெய் தரும் கனி

நுழையும்முன்

எண்ணெய் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன எள்ளும் நிலக்கடலையும் தேங்காயும் ஆகும். இவை தம் விதைகளில் எண்ணெயைச் சேமித்து வைப்பவை. ஆலிவ் மரமோ தன் கனியின் சதையிலேயே எண்ணெயைத் தேக்கி வைக்கிறது. இனிக்க வேண்டிய கனி ஏன் கசக்கிறது? சாறு ஊற வேண்டிய சதையில் எண்ணெய் ஊறுவது ஏன்? இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

மல்லிகையின் உறவு

மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகள் ஆலிவ் மரத்தின் தாயகமாகும். அக்கடலின் கிழக்குக் கரையில் வாழ்ந்த மக்கள் ஏறத்தாழ 6000 ஆண்டுகளுக்கு முன்பே இம்மரத்தை வளர்த்துப் பயன்கொண்டனர். தமிழ் விவிலியம் இதனை ஒலிவ மரம் என்று வழங்குகிறது. நமக்கு அயலான மரமாகத் தோன்றினும், இதன் குடும்பம் நமக்கு அயலன்று. நம் வீட்டு முற்றத்தில் மணக்கும் மல்லிகையும் முல்லையும் பவளமல்லியும் ஆலிவ் மரத்தோடு ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

காயா, கனியா?

இனிப்பதைப் பழம் என்றும், சமைத்தோ உப்பிலிட்டோ உண்பதைக் காய் என்றும் கூறுவது உலக வழக்கு. தாவரவியல் சுவையை நோக்குவதில்லை, தோற்றத்தையே நோக்குகிறது. பூவின் சூலகம் முதிர்ந்து உருவாவது கனி. அவ்வகையில் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் கனிகளே. ஆலிவும் கனியே. மெல்லிய வெளித்தோல், நடுவே சதை, அதனுள் விதையைக் காக்கும் வன்மையான ஓடு என்னும் மூன்றும் அமைந்தமையால், மாங்கனியைப் போலவே இதுவும் உள்ளோட்டுச் சதைக்கனி எனப்படும்.

பச்சை நிற ஆலிவ் முதிராத நிலையில் பறிக்கப்பட்டது. அதுவே மரத்தில் பழுக்கும்போது ஊதா நிறமாகிப் பின் கறுக்கும். ஒலியூரோபின் என்னும் கசப்புப் பொருள் மிகுந்திருப்பதால், மரத்திலிருந்து பறித்தவுடன் இதனை உண்ண இயலாது. உப்புநீரில் நெடுநாள் ஊறவைத்துக் கசப்பை நீக்கிய பின்னரே உண்பர்.

சதையில் எண்ணெய் ஏன்?

விதையில் உள்ள எண்ணெய் இளஞ்செடிக்கான கட்டுச்சோறு. ஒரு கிராம் மாவுப்பொருள் ஏறத்தாழ 4 கிலோகலோரி ஆற்றலைத் தர, ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தருகிறது. ஆகவே சிறிய இடத்தில் மிகுந்த உணவைச் சேமிக்க எண்ணெயே ஏற்றது. ஆனால், ஆலிவின் சதை ஓட்டுக்கு வெளியே இருப்பது. முளைக்கும் செடிக்கு அது பயன்படாது. அங்ஙனமாயின் அவ்வெண்ணெய் யாருக்கு?

அது பறவைக்குத் தரும் கூலி. காட்டு ஆலிவின் சிறு கனிகளைப் பறவைகள் விழுங்கிச் செல்கின்றன. சதை செரிக்கிறது; ஓட்டுடன் கூடிய விதை தாய்மரத்துக்கு அப்பால் சென்று விழுகிறது. மாமரம் இக்கூலியை இனிப்பாகத் தருகிறது; ஆலிவ் மரம் கொழுப்பாகத் தருகிறது. கனி முதிரும் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் பறவைகளுக்கு வேண்டுவது கொழுப்பு மிக்க உணவே அன்றோ?

இலைகள் ஆக்கிய சர்க்கரை கனிக்கு வந்து சேர்கிறது. சதையின் உயிரணுக்கள் அதனைக் கொழுப்பாக மாற்றி, நுண்துளிகளாகச் சேர்த்து வைக்கின்றன. முற்றிய கனியின் எடையில் பொதுவாக 15 முதல் 30 விழுக்காடு வரை எண்ணெய் இருக்கும். மனிதர்கள் எண்ணெய் மிகுந்த மரங்களையே தேர்ந்து பெருக்கினர்.

பிழியும் முறை

கனியை ஓட்டோடு அரைத்துக் கூழாக்கி, மெதுவாகப் பிசைவர். அப்போது நுண்துளிகள் ஒன்றுகூடிப் பெருந்துளிகளாகும். கூழைப் பிழிந்தால் நீரும் எண்ணெயும் வெளிவரும். எண்ணெய் மேலே மிதக்கும். முற்காலத்தில் கல் ஆலைகளும் அழுத்தும் மரங்களும் செய்த இப்பணியை இன்று சுழல்பொறிகள் செய்கின்றன. பழச்சாற்றைப் போலப் பிழிந்தே பெறப்படுவதால், தூய ஆலிவ் எண்ணெய்க்கு வேதிப்பொருள் துணை வேண்டுவதில்லை.

தெரிந்து தெளிவோம்

எள் + நெய் = எண்ணெய். எள்ளின் நெய்யைக் குறித்த சொல் பின்னர் எல்லா நெய்களுக்கும் பொதுவாயிற்று. ஆங்கிலத்தில் வழங்கும் ஆயில் என்னும் சொல்லும் ஆலிவைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து இலத்தீன் வழியாக வந்து, பின்னர்ப் பொதுப்பெயராயிற்று. இவ்விரு மொழிகளிலும் எண்ணெய் தந்த தாவரத்தின் பெயரே எண்ணெய்க்குப் பெயராயிற்று.

சாடிகளால் ஆன குன்று

உரோம் நகரில் டெஸ்டாச்சோ என்னும் குன்று உள்ளது. ஏறத்தாழ 35 மீட்டர் உயரமுள்ள அது, ஆலிவ் எண்ணெய் வந்திறங்கிய மண்சாடிகளின் உடைசல்களால் உருவானது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கிடைத்த உரோமானியச் சாடிகளுள்ளும் மதுச்சாடிகளோடு ஆலிவ் எண்ணெய்ச் சாடிகள் இருந்தமையை ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர்.

காக்க வேண்டிய மரம்

நூற்றாண்டுகள் கடந்து வாழும் இம்மரத்துக்கும் இன்று இடர் நேர்ந்துள்ளது. இத்தாலியின் தென்பகுதியான அப்புலியாவில் 2013ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட சைலெல்லா என்னும் நுண்ணுயிரி, மரத்தின் நீர்க்குழாய்களை அடைத்து இலட்சக்கணக்கான மரங்களைப் பட்டுப்போகச் செய்தது. பாட்டன் நட்ட மரத்தில் பேரன் கனி பறித்த தோப்புகள் சில ஆண்டுகளில் விறகாயின. ஒரு மரம் கனி தருவதற்குப் பறவையும் மண்ணும் உழவரும் எத்தனை தலைமுறையாக உழைத்துள்ளனர் என்பதை அறிந்தவரே அம்மரத்தைக் காக்க முன்வருவர்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் பறவைகளால் விதை பரவும் மரங்கள் ஐந்தனைக் கண்டறிந்து, அவற்றின் கனிகள் பறவைகளுக்கு அளிக்கும் உணவு குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.