எந்தத் தண்ணீருக்கு யார் காசு? கோல்டிங் வீட்டுக்காரருக்கு ஒரு வழிகாட்டி

2023 ஒக்டோபர் 20ஆம் திகதி கிழக்கிலிருந்து அடித்த புயற்காற்று, பால்டிக் கடலின் தண்ணீரை டென்மார்க்கின் கிழக்குக் கரைகளுக்குள் தள்ளியது. ஓபென்றோ நகரில் கடல் வழக்கமான மட்டத்தைவிட இரண்டு மீற்றருக்கு மேல் ஏறியது. கோல்டிங்கும் அதே கரையில்தான் இருக்கிறது. ஃபியோர்டின் வாய் கிழக்கே லில்லபெல்ட் நீரிணையை நோக்கித் திறந்திருக்கிறது, நகருக்குள்ளால் ஆறு ஓடி அதில் விழுகிறது. கிழக்குக் காற்று விடாமல் அடித்தால் கடல் ஏறி ஆற்றின் வாயை அடைக்கும். அந்த நேரம் பார்த்து மழையும் பெய்தால் ஆற்றுத் தண்ணீருக்குப் போக வழியில்லை.

ஒருமுறை நனைந்த வீட்டைத் திருத்தும்போதே அடுத்த புயலுக்கும் தயார்படுத்த நினைப்பவர், "எவ்வளவு உதவி கிடைக்கும்?" என்று கேட்பதற்கு முன் "என் வீட்டுக்குள் வந்தது எந்தத் தண்ணீர்?" என்று கேட்க வேண்டும். டென்மார்க்கில் காசு தண்ணீரின் பெயரைப் பார்த்துத்தான் வரும்.

கடல் வந்திருந்தால் அது ஸ்டோர்ம்ஃப்ளோட், அதாவது புயல் தள்ளிய கடல் வெள்ளம். தீக்காப்புறுதி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் கட்டும் சிறு தொகையிலிருந்து இதற்கான பொது நிதி சேர்கிறது. நாட்டூர்ஸ்கேதறோட் என்ற இயற்கைச் சேத மன்றம் அதை நடத்துகிறது. உங்களிடம் தீக்காப்புறுதி இல்லையென்றால் இந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது. விண்ணப்பத்தை உங்கள் காப்புறுதி நிறுவனத்திடமே கொடுக்க வேண்டும், வெள்ளம் வந்து இரண்டு மாதத்துக்குள். ஆறோ ஏரியோ கரை மீறினாலும் இதே மன்றம்தான். ஆனால் இரண்டுக்கும் ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. அந்த நீர்மட்டம் கணக்குப்படி 20 ஆண்டுக்கு ஒருமுறையைவிட அரிதாக வருவதாக இருக்க வேண்டும். அதை மன்றம் அறிவிக்கவும் வேண்டும்.

வானம் கொட்டி, சாக்கடைக் குழாய் வழியே நிலவறைக்குள் தண்ணீர் எழும்பியிருந்தால் அது வேறு கதை. அதற்கு உங்கள் சாதாரண வீட்டுக் காப்புறுதிதான், அதுவும் மழை ஸ்கூப்றுட் (திடீர்ப் பெருமழை) என்று கணக்கில் வந்தால் மட்டும். டென்மார்க்கின் வானிலை நிலையம் 30 நிமிடத்தில் 15 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தால் அந்தப் பெயரைக் கொடுக்கிறது. காப்புறுதி நிறுவனங்களுக்குச் சொந்த அளவுகோல்கள் இருக்கும், உங்கள் பத்திரத்தில் பாருங்கள்.

இப்போது நடுவில் விடுபட்டதைக் கவனியுங்கள். பத்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் கடல் ஏற்றம், ஸ்கூப்றுட் ஆகாத நீண்ட மழை: இவற்றுக்குப் பெரும்பாலும் யாரும் காசு தருவதில்லை. ஆனால் அடிக்கடி வருவது இவைதான். ஆகவே சொந்தக் காசை முதலில் இந்தத் தண்ணீருக்கு எதிராகச் செலவழியுங்கள் என்பேன். 2023இல் வந்தது போன்ற பெரிய கடல் ஏற்றத்தைத் தனி வீடாக நின்று தடுக்க முயல்வதற்குச் செலவும் அதிகம், பலிக்கவும் மாட்டாது.

நிலவறை உள்ள வீட்டுக்கு முதல் தெரிவு ஹோய்வன்ஸ்லுக்க, அதாவது சாக்கடைக் குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் மூடிக்கொள்ளும் அடைப்பு. இதை அனுமதி பெற்ற குளோக்மெஸ்டர், அதாவது சாக்கடைக் குழாய் வேலைக்காரர்தான் பொருத்தலாம். தெரிந்த பொடியனைக் கூப்பிட்டுச் செய்விப்பது சட்டத்துக்கும் காப்புறுதிக்கும் ஆகாது. விற்பவர்கள் அழுத்திச் சொல்லாத ஒன்றும் உண்டு. அடைப்பு மூடியிருக்கும் நேரம் உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. மலசலகூடத்தில் தண்ணீர் இழுத்தால் அது நிலவறைக்கே வரலாம். கூரை மழைநீரும் அதே குழாயில் விழுந்தால், தெருத் தண்ணீரைத் தடுத்துவிட்டு உங்கள் கூரைத் தண்ணீரில் மிதப்பீர்கள். கூரை நீரைத் தனியாகப் பிரிக்க முடியாவிட்டால் பம்புக் கிணறு நல்லது. விலை கூட, மின்சாரமும் வேண்டும், ஆனால் வீடு இயங்கும். மிக மலிவான வழியை யாரும் விளம்பரம் செய்வதில்லை. நிலவறை மலசலகூடத்தையும் தரைவடிகாலையும் எடுத்துவிட்டு அந்தக் குழாயை முறையாக அடைத்துவிடுவதுதான் அது.

கதவுக்கும் நிலவறை யன்னலுக்கும் பொருத்தும் தடுப்புப் பலகை, தாழ்ந்த கடல் ஏற்றத்துக்கு நல்ல முதலீடு. வீட்டில் ஆள் இருந்து அதைப் போட வேண்டும் என்பதுதான் குறை. கோடை வீட்டுக்கு இது அவ்வளவு பொருந்தாது.

திருத்தும் நேரத்துக்கு வருவோம். காப்புறுதியின் நோக்கம் பழையபடி ஆக்குவது. முன்பைவிடப் பலமாக ஆக்கும் செலவு பொதுவாக உங்களுடையது. வேறு சில நாடுகளில் நிலை வேறு. பிரித்தானியாவில் 2022 முதல் ஃப்ளட் ரீ திட்டத்தில் சேர்ந்த காப்புறுதி நிறுவனங்கள், திருத்தச் செலவுக்கு மேலே 10,000 பவுண் வரை வெள்ளத் தடுப்புக்கே தரலாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, 2022 வெள்ளத்துக்குப் பிறகு 741 மில்லியன் டொலர் நிதியில் வீட்டைப் பலப்படுத்தல், உயர்த்தல், அரசுக்கே விற்றுவிடல் என்று மூன்று வழிகளைத் திறந்தது. லண்டனிலோ பிரிஸ்பேனிலோ உள்ள உறவினர் சொல்வதை வைத்து கோல்டிங்கில் கணக்குப் போடாதீர்கள். சேதம் பதியும்போதே, தடுப்பு வேலைக்கு மானியம் எதுவும் அப்போது திறந்திருக்கிறதா என்று நிறுவனத்திடமும் மன்றத்திடமும் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். மானியம் இல்லாவிட்டாலும், சுவர் எப்படியும் திறந்திருக்கும் அந்த வாரத்தில் பிளக்குகளையும் மின்பெட்டியையும் உயர்த்துவதற்கும், ஜிப்சம் பலகைக்குப் பதில் பூச்சுச் சுவர் போடுவதற்கும் ஆகும் மேலதிகச் செலவு, பிறகு தனியே செய்வதைவிட மிகக் குறைவு.

அணை வேண்டுமா? ஹைல்ஸ்மின்டே போன்ற கரையோரத்தில் இருப்பவருக்கு, என் கருத்தில், அதுவே உண்மையான பாதுகாப்பு. ஆனால் தனியாக ஆகாது. டென்மார்க்கில் கரையோர நிலத்தைக் காப்பது முதலில் நில உரிமையாளரின் பொறுப்பு. 2018 செப்டெம்பரிலிருந்து அனுமதி கொடுப்பது கொமூன, அதாவது நகராட்சி. கூட்டு அணைத் திட்டத்தில் பயனடையும் எல்லா வீட்டுக்காரரிடமும், விருப்பமில்லாதவரிடமும்கூட, கொமூன பங்கு அறவிடலாம். அரசின் கரையோர நிதி இப்படிப்பட்ட கூட்டுத் திட்டங்களுக்கே போகிறது, தனி வீட்டு வாசலுக்கு அல்ல. கூட்டு அணை கட்டி முடிய ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை கதவுப் பலகையும் வேண்டும், இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.

நகருக்குள் மேட்டில் இருப்பவர் அணையை மறந்து சாக்கடைக் குழாயைக் கவனித்தால் போதும். வீடு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று தெரியாவிட்டால் கொமூனவிடம் கேட்கலாம். வருங்காலத்தில் ஒவ்வொரு கரையிலும் கடல் மட்டம் எவ்வளவு ஏறும் என்பதை வானிலை நிலையத்தின் கிளிமஅட்லஸ் இலவசமாகக் காட்டுகிறது.

அணைத் திட்டம் ஒன்று தொடங்கினால், யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற வரைவைக் கருத்துக் கேட்டு உங்களுக்கு அனுப்புவார்கள். பங்கைக் குறைக்கச் சொல்லவோ, ஏன் அடுத்த தெருவுக்கு இல்லை என்று கேட்கவோ கருத்துச் சொல்லத் தரப்படும் அந்தச் சில வாரங்கள்தான் நேரம். கடிதம் உங்கள் டிஜிட்டல் அஞ்சற் பெட்டிக்கு (ஈ-பொக்ஸ் போன்றதற்கு) டெனிஷில் வரும். நீளமாக இருக்கிறது என்று மூடிவிடாமல், பிள்ளையையாவது கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.