அழித்து எழுதலாம் வாருங்கள்

ஊர் நடுவே ஒரு கரும்பலகை இருக்கிறது. அதில் ஒருவர் எழுதுகிறார்: "நாளை கால்நடை மருத்துவர் வருகிறார். ஆடு மாடுகளை ஓட்டி வாருங்கள்." போகிறவர் வருகிறவர் எல்லாரும் படிக்கிறார்கள். மருத்துவர் வரும் நாள் மாறினால் பழைய எழுத்தை அழிக்கிறார்கள். புதிய நாளை எழுதுகிறார்கள்.

ஆனால் அந்தப் பலகை அந்த ஊருக்கு மட்டும்தான். சூரத்துக்கு வேலைக்குப் போன மகன் அதைப் படிக்க முடியாது. பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்ட மகளும் படிக்க முடியாது.

எங்கிருந்தும் படிக்கக்கூடிய பலகை ஒன்று உண்டு. அது இணையத்தில் இருக்கிறது. அதற்கு வலைப்பூ என்று பெயர்.

பெண்கள் நடத்திய செய்தித்தாள்

உத்தரப் பிரதேசத்தில் சித்ரகூட் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அங்கே 2002ஆம் ஆண்டு ஒரு செய்தித்தாள் தொடங்கியது. அதன் பெயர் கபர் லஹரியா. செய்தி அலைகள் என்று அதற்குப் பொருள். கிராமத்துப் பெண்களே செய்தி சேகரித்தார்கள். அவர்களே எழுதினார்கள். தங்கள் பேச்சு மொழியான புந்தேலியில் எழுதினார்கள். அவர்களில் பலர் தலித் பெண்கள். வயது வந்த பிறகு எழுதப் படிக்கக் கற்றவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

தண்ணீர் வராத குழாய், பாதியில் நின்ற சாலை, பெண்களுக்கு நடக்கும் கொடுமை. இவையெல்லாம் அதில் செய்தியாயின. இந்தப் பணிக்காக 2009இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசு கிடைத்தது. 2013இல் அவர்கள் இணையத்துக்கும் வந்தார்கள்.

அவர்கள் நடத்துவது பெரிய செய்தி நிறுவனம். நமக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு சங்கத்துக்கு, ஓர் ஊருக்கு, ஒரு சிறு வலைப்பூ போதும்.

உலாவி என்றால் என்ன?

இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் செயலிக்கு உலாவி என்று பெயர். குரோம், ஃபயர்பாக்ஸ் ஆகியவை உலாவிகள். செல்பேசியிலும் உலாவி இருக்கும். கணினியிலும் இருக்கும்.

டிம் பெர்னர்ஸ் லீ என்ற அறிஞர் 1990இல் முதல் உலாவியை உருவாக்கினார். அதில் படிக்கவும் முடியும், எழுதித் திருத்தவும் முடியும். பிறகு வந்த உலாவிகள் பெரும்பாலும் படிப்பதற்கு மட்டுமே பயன்பட்டன. 1999இல் பிளாகர் என்ற சேவை வந்தது. உலாவியில் எழுதினால் போதும். அது வலைப்பூவாகிவிடும். 2003இல் கூகுள் நிறுவனம் பிளாகரை வாங்கியது. இதற்குக் கட்டணம் இல்லை.

நாம் எழுதுவது நம் செல்பேசியில் தங்குவதில்லை. தொலைவில் உள்ள பெரிய கணினியில் தங்குகிறது. அதனால் செல்பேசி உடைந்தாலும் எழுத்து அழியாது. வேறு செல்பேசியில் திறந்து மறுபடி எழுதலாம்.

தொடங்குவது எப்படி?

1. கூகுள் கணக்கு ஒன்று வேண்டும். ஜிமெயில் வைத்திருப்பவரிடம் அது ஏற்கெனவே இருக்கிறது.

2. உலாவியில் பிளாகர் பக்கத்தைத் திறக்க வேண்டும். அந்தக் கணக்கால் உள்ளே நுழைய வேண்டும்.

3. வலைப்பூவுக்குத் தலைப்புக் கொடுக்க வேண்டும். தலைப்பைத் தமிழிலேயே எழுதலாம்.

4. முகவரி ஒன்று தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டுக்குக் கதவு எண் போல வலைப்பூவுக்கு முகவரி. இதை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். வேறொருவர் எடுத்துக்கொண்ட முகவரி நமக்குக் கிடைக்காது.

5. புதிய இடுகை என்ற பொத்தானை அழுத்தினால் வெள்ளைத் தாள் போல ஓர் இடம் திறக்கும். அதில் எழுத வேண்டும்.

6. எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். பிறகு வெளியிடும் பொத்தானை அழுத்த வேண்டும். அதுவரை அது வரைவாகவே இருக்கும். வரைவை வெளியார் பார்க்க முடியாது.

தவறு வந்தால் என்ன செய்வது?

"தப்பாக எழுதிவிட்டால் ஊர் சிரிக்குமே" என்று பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். வலைப்பூவும் பலகை போலத்தான். இடுகையைத் திறக்கலாம். எழுத்துப் பிழையைத் திருத்தலாம். மறுபடி சேமிக்கலாம்.

ஆனால் செய்தியில் தவறு வந்தால் திருத்தினால் மட்டும் போதாது. ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ரேஷன் அரிசி வெள்ளிக்கிழமை போடுவார்கள். வலைப்பூவில் வியாழக்கிழமை என்று எழுதிவிட்டார்கள். அதை நம்பி ஒரு பாட்டி கூலி வேலைக்குப் போகாமல் கடைக்குப் போகிறார். கடை பூட்டிக் கிடக்கிறது. அவருக்கு அன்றைய கூலி போயிற்று. அரிசியும் இல்லை.

ஆகவே நாளைத் திருத்த வேண்டும். "முன்பு வியாழன் என்று எழுதியது தவறு. வெள்ளி என்பதே சரி" என்று கீழே ஒரு வரியும் சேர்க்க வேண்டும். அப்போதுதான் படிப்பவர் நம்புவார். வெளியிடும் முன் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பது இன்னும் நல்லது.

பூட்டும் சாவியும்

கடவுச்சொல் என்பது சாவி. ஒருவரிடம் மட்டும் அது இருந்தால் ஆபத்து. அவர் வெளியூர் போய்விட்டால் வலைப்பூ அப்படியே நின்றுவிடும். அதற்காக ஒரே கடவுச்சொல்லை எல்லாருக்கும் சொல்லக் கூடாது. அமைப்புகள் என்ற பகுதிக்குப் போனால் மற்றவர்களை மின்னஞ்சல் மூலம் அழைக்கலாம். ஒவ்வொருவரும் தம் கணக்கால் நுழையலாம். எழுத்தாளராகச் சேர்ந்தவர் தாம் எழுதியதைத் திருத்தலாம். நிர்வாகி எல்லாவற்றையும் திருத்தலாம். சங்கத்தில் இருவராவது நிர்வாகியாக இருப்பது நல்லது.

சிலவற்றை வலைப்பூவில் எழுதவே கூடாது. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், செல்பேசிக்கு வரும் ரகசிய எண் ஆகியவை வேண்டாம். ஒருவருடைய படத்தை அவர் சம்மதம் இல்லாமல் போடக் கூடாது. பலகையில் அழித்ததை ஊர் மறந்துவிடும். இணையத்தில் நாம் அழிப்பதற்குள் யாராவது படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

யோசியுங்கள், எழுதுங்கள்

1. வரைவு என்றால் என்ன?

2. எழுத்துப் பிழை, செய்திப் பிழை இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

3. சங்கத்தில் நிர்வாகிகள் இருவர் ஏன் வேண்டும்?

4. உங்கள் ஊரில் இந்த வாரம் எல்லாருக்கும் தெரிய வேண்டிய செய்தி எது? அதை ஐந்து வரிகளில் எழுதுங்கள். அது உண்மைதானா என்று இருவரிடம் கேட்டுப் பாருங்கள். பிறகு வெளியிடுங்கள்.