ஜிப்பு பழுதானால்

மூணாறுக்கு மேலே ஓர் எஸ்டேட். தை மாதக் காலை. லயத்துக்கு முன்னால் உள்ள புல்லின் மேல் பனி வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது. செண்டுவாரை, லெட்சுமி எஸ்டேட் பக்கங்களில் மார்கழியிலும் தையிலும் சில நாட்கள் இப்படித்தான். தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர் இறங்கும்.

அம்மா கொழுந்து எடுக்கப் புறப்பட்டுவிட்டார். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் மட்டும் போர்வையை விட்டு எழவில்லை.

"என்ன பாப்பா, பள்ளிக்கூடம் போகலையா?"

"தலை வலிக்குதும்மா."

நேற்றும் இதையேதான் சொன்னாள். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை. கொடியில் பள்ளிப் பாவாடை தொங்கியது. அதன் பக்கவாட்டு ஜிப்பு திறந்து கிடந்தது. இரண்டு ஊக்குகள் குத்தியிருந்தன. அம்மாவுக்கு விஷயம் புரிந்தது. போர்வையை விலக்கிப் பார்த்தார். மகளின் இடுப்பில் ஊக்கு கீறிய தடம் சிவப்பாக இருந்தது.

"அசெம்பிளில நிக்கும்போது ஊக்கு விட்டுப் போச்சும்மா. எல்லாரும் சிரிச்சாங்க" என்று மகள் அழுதாள்.

புதுப் பாவாடை வாங்க மூணாறு டவுனுக்குப் போக வேண்டும். ஒரு நாள் சம்பளம் போய்விடும். துணி விலையும் தையல் கூலியும் தனி. ஆனால் பிள்ளையின் படிப்பு இரண்டு நாள் போய்விட்டதே! வேலை முடிந்ததும் அம்மா பாவாடையை எடுத்துக்கொண்டு அடுத்த லயத்துக்குப் போனார். அங்கே தையல்கார அக்கா இருக்கிறார்.

அக்கா பிறந்தது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை பக்கம். கேரளத்துக்குள் இருந்தாலும் வீட்டிலும் கடையிலும் தமிழ் பேசும் ஊர்கள் அங்கே நிறைய உண்டு. கல்யாணமாகி எஸ்டேட்டுக்கு வந்தவர். குடும்பஸ்ரீ இயக்கம் 1998இல் தொடங்கியது. பிற்பாடு அக்காவும் அதில் சேர்ந்தார். குழுவில் கடன் வாங்கித்தான் இந்தத் தையல் மிஷினை வாங்கினார்.

அக்கா ஜிப்பை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். ரன்னர் மேலே போகிறது. ஆனால் அதன் பின்னாலேயே பற்கள் பிரிந்துவிடுகின்றன.

"ஜிப்பு கெடல தங்கச்சி. பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ரன்னர்தான் வாய் பிளந்திருக்கு" என்றார் அக்கா.

ஜிப்பு எப்படி மூடுகிறது?

உங்கள் வீட்டில் உள்ள ஒரு பையையோ சட்டையையோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பார்த்துக்கொண்டே படியுங்கள்.

ஜிப்பில் இரண்டு துணிப் பட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பட்டியின் ஓரத்திலும் வரிசையாகப் பற்கள். ஒரு பக்கத்துப் பல், எதிர்ப்பக்கத்து இரண்டு பற்களுக்கு நடுவே போய் உட்கார வேண்டும். இரண்டு கை விரல்களைக் கோத்துக்கொள்வது போல. கையால் அழுத்தினால் அவை கோத்துக்கொள்ளா. சரியான சாய்வில் ஒவ்வொன்றாக உள்ளே போக வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் ரன்னர்.

ரன்னருக்கு மேல் பக்கம் இரண்டு வாய். கீழ்ப் பக்கம் ஒரே வாய். இரண்டு ஒற்றையடிப் பாதைகள் சேர்ந்து ஒரு பாதை ஆவது போல. மேலே இழுக்கும்போது இரண்டு வரிசைப் பற்களும் இரண்டு வாய்களில் நுழைகின்றன. நெருக்கப்பட்டு, கோத்துக்கொண்டு, கீழ்வாய் வழியாக வெளியே வருகின்றன. கீழே இழுத்தால் நடுவில் உள்ள ஆப்பு போன்ற பகுதி பற்களைப் பிரித்துவிடுகிறது. விறகு பிளக்க ஆப்பு வைப்போம் அல்லவா? அதே வேலைதான்.

நாள்பட இழுத்து இழுத்து ரன்னரின் மேல் தகடும் கீழ்த் தகடும் விலகிவிடும். அப்புறம் பற்களை நெருக்கும் பிடிப்பு அதற்கு இருக்காது. ரன்னர் ஓடும். பல் கோக்காது. மக்கள் "ஜிப்பு போச்சு" என்று சொல்வதில் பாதி இந்தக் கோளாறுதான். இதற்காக நல்ல துணியை மூலையில் போட்டுவிடுகிறார்கள்.

அக்கா பெட்டியிலிருந்து ஒரு சின்ன இடுக்கியை எடுத்தார்.

"நம்ம மாவட்டத்துப் பேரே இதுதான் பாரு" என்று சிரித்தார். மாவட்டத்தின் பெயர் கருவியால் வந்ததல்ல. குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே பெரியாறு ஓடும் குறுகிய இடுக்கினால் வந்தது. அங்கேதான் இடுக்கி அணை நிற்கிறது. ஆனாலும் இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிப்பது என்றால், மலைக்கும் கருவிக்கும் ஒரே சொல் பொருந்தத்தான் செய்கிறது.

அக்கா முதலில் ரன்னரை அடி வரைக்கும் இறக்கினார். பிறகு அதன் கீழ்வாயின் இடது ஓரத்தை இடுக்கியால் லேசாக ஒரு முறை அழுத்தினார். அப்புறம் வலது ஓரத்தை அதே அளவு அழுத்தினார். இழுத்துப் பார்த்தார். பாதி கோத்தது. இன்னும் ஒரு அழுத்து. இப்போது முழுவதும் மூடிக்கொண்டது.

"ஒரே அமுக்கா அமுக்கிடலாமே அக்கா?"

"கூடாது புள்ள. ரொம்ப அமுக்கினா ரன்னர் ஓடாது. சிலது பட்டுனு உடைஞ்சே போகும். கொஞ்சம் அமுக்கு, இழுத்துப் பாரு. மறுபடி கொஞ்சம் அமுக்கு."

வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அக்கா காசு வாங்கவில்லை. மறுநாள் காலை மகளின் தலைவலி போய்விட்டது.

ரன்னர் கழன்றுவிட்டால்

சில சமயம் ரன்னர் ஒரு பட்டியிலிருந்து கழன்று, மறு பட்டியில் மட்டும் தொங்கும். அப்போது அதை முழுவதும் வெளியே எடுத்துவிட வேண்டும். ஜிப்பின் அடியில் உள்ள தையலைக் கொஞ்சம் பிரிக்க வேண்டும். அங்கே சின்ன உலோகத் தடுப்பு இருந்தால் அதையும் நெம்பி எடுக்க வேண்டும். இப்போது இரண்டு பட்டிகளின் கீழ் முனைகளும் கையில் இருக்கும். இடது முனையை ரன்னரின் இடது மேல்வாயிலும், வலது முனையை வலது மேல்வாயிலும் நுழைக்க வேண்டும். இரண்டு முனையும் சமமாக நிற்க வேண்டும். முனைகளை இறுகப் பிடித்துக்கொண்டு ரன்னரை மேலே இழுத்தால் பின்னால் பற்கள் கோத்துக்கொண்டே வரும். ஒரு பக்கம் புடைத்துக்கொண்டால் முனைகள் சமமாக இல்லை என்று அர்த்தம். கழற்றிவிட்டு மறுபடி நுழைக்க வேண்டும். முதல் தடவையிலேயே சரியாக வருவது அபூர்வம். கோபப்படத் தேவையில்லை. சரியாக ஓடியதும், அடியில் பற்களுக்குக் குறுக்கே ஊசி நூலால் ஏழெட்டு முறை கெட்டியாகத் தைத்துவிட வேண்டும். அதுதான் புதுத் தடுப்பு.

அடிப்பக்கத்தில் ஒன்றிரண்டு பற்கள் உடைந்திருந்தாலும் இதே வழிதான். உடைந்த இடத்துக்குச் சற்று மேலே குறுக்கே தைத்துவிட்டால் ஜிப்பு கொஞ்சம் குட்டையாகும். ஆனால் வேலை செய்யும். நடுவில் பல் உடைந்திருந்தால் வைத்தியம் கிடையாது. ஜிப்பை மாற்றத்தான் வேண்டும்.

ஜிப்பு ஓடாமல் இறுகிப்போவது வேறு கோளாறு. அக்காவின் பிறந்த ஊரில் வெயிலும் காற்றும் அதிகம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று மண்ணை வாரி வரும். அங்கே ஜிப்பின் பற்களுக்குள் புழுதி அடையும். மூணாறிலோ ஆனி, ஆடி மழையில் துணி நாள்கணக்கில் காயாது. உலோக ஜிப்பு துருப்பிடிக்கும். புழுதி என்றால் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவினால் போதும். பிறகு மெழுகுவர்த்தித் துண்டைப் பற்களின் மேல் தேய்க்கலாம். உலோகப் பல்லுக்குப் பென்சில் முனையும் நல்லது. வெள்ளைத் துணியில் மட்டும் பென்சில் வேண்டாம், கறை படியும். பலரும் தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். அன்றைக்கு ஓடும். ஆனால் எண்ணெய் துணியைக் கெடுக்கும், புழுதியையும் இழுக்கும்.

துவைக்கும்போது ஜிப்பை மூடிவிட்டுத் துவைக்க வேண்டும். திறந்து கிடந்தால் கல்லில் அடிபட்டுப் பல் வளையும்.

புது ஜிப்பு தைப்பது

அந்த வாரமே அம்மா தன் நைட்டியைக் கொண்டு வந்தார். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வசதியாக முன்பக்கம் ஜிப்பு வைத்தது. நடுவில் பற்கள் போய்விட்டன. இந்தத் தடவை அக்கா தைக்கவில்லை. அம்மாவையே தைக்கச் சொன்னார்.

முதலில் பழைய ஜிப்பைப் பிரித்தார்கள். பிளேடால் நூலை மட்டும் அறுக்க வேண்டும். அவசரப்பட்டால் துணி கிழியும். பிறகு டேப்பால் திறப்பின் நீளத்தை அளந்தார்கள். அம்மாவே எண்ணைப் படித்தார். 9 அங்குலம். வாங்கும் ஜிப்பு அதைவிட ஓர் அங்குலம் நீளமாக இருக்கலாம். குட்டையாக இருக்கக் கூடாது.

அடுத்து, திறப்பின் இரண்டு ஓரங்களையும் சேர்த்து நீளமான ஓட்டுத் தையல் போட்டு மூடினார்கள். "திறக்க வேண்டிய இடத்தை ஏன் மூடணும்?" என்று அம்மா கேட்டார். மூடித் தைத்தால்தான் இரண்டு ஓரமும் நேராக, ஒட்டி நிற்கும். இது தற்காலிகத் தையல். கடைசியில் பிரித்துவிடலாம். மூடிய தையலைத் துணியின் உள்பக்கம் விரித்து இஸ்திரி போட்டார்கள். அதன் மேல் ஜிப்பைக் குப்புற வைத்தார்கள். பற்கள் தையல் கோட்டின் மேல் சரியாக அமர வேண்டும். குண்டூசி குத்தி, கையால் ஓட்டுத் தையல் போட்டுப் பிடித்துக்கொண்டார்கள்.

இனி மிஷின் தையல். சாதாரணப் பாதம் பற்களின் மேல் ஏறி இடிக்கும். ஒரு பக்கம் மட்டும் உள்ள ஒற்றைப் பாதத்தை மாட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் கீழிருந்து மேலாகவே தைக்க வேண்டும். ஒரு பக்கம் மேலிருந்தும் மறு பக்கம் கீழிருந்தும் தைத்தால் துணி முறுக்கிக்கொள்ளும். புது ஜிப்பு அலை அலையாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ரன்னர் இருக்கும் இடம் வந்ததும் ஊசியைத் துணிக்குள் இறக்கி, பாதத்தைத் தூக்கி, ரன்னரைத் தள்ளிவிட்டு மேலே தைக்கலாம். மிஷின் இல்லாதவர்கள் கையால் பின் தையல் போடலாம். நேரம் ஆகும், உறுதி குறையாது. நைலான் ஜிப்பின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை நேராக வைக்காதீர்கள். பல் உருகிவிடும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சின்னப் பையன்களின் தோல் ஜிப்பில் மாட்டிக்கொள்வது உண்டு. பயந்துபோய் ரன்னரை இழுத்தால் காயம் பெரிதாகும். இழுக்கக் கூடாது. ரன்னருக்குக் கீழே, மூடியிருக்கும் பகுதியைக் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டினால் பற்கள் தாமாகப் பிரியும். அப்படியும் விடவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

ரன்னரின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது?

ஜிப்பு ஒரே நாளில் வந்த பொருள் அல்ல. அமெரிக்காவில் விட்கோம்ப் ஜட்சன் என்பவர் 1893இல் முதல் வடிவத்துக்கு உரிமை பெற்றார். அது அடிக்கடி தானாகத் திறந்துகொண்டது. இப்போது நாம் பார்க்கும் பல் ஜிப்பை 1913இல் உருவாக்கியவர் கிடியன் சுண்ட்பேக். ஸ்வீடனில் பிறந்த பொறியாளர். 'ஜிப்பர்' என்ற பெயர் 1923இல்தான் வந்தது. ஒரு ரப்பர் கம்பெனி தன் பூட்ஸுக்கு வைத்த பெயர் அது. ஜப்பானில் ததாவோ யோஷிதா 1934இல் தொடங்கிய கம்பெனிதான் ஒய்.கே.கே. அந்த மூன்று ஆங்கில எழுத்துகளைப் பல ரன்னர்களின் மேல் பார்க்கலாம்.

எழுத்தைவிட நமக்கு முக்கியம் எண். ரன்னரைத் திருப்பிப் பாருங்கள். பல ரன்னர்களில் 3, 5, 8 என்று ஓர் எண் இருக்கும். பற்களின் அகலத்தைக் குறிப்பது அது. எண் கூடினால் ஜிப்பு பெரிது. பாவாடைக்கும் நைட்டிக்கும் பெரும்பாலும் 3. ஜெர்கினுக்கும் பைக்கும் 5 அல்லது அதற்கு மேல். ரன்னர் மட்டும் மாற்றும்போது எண் பொருந்த வேண்டும். பல்லின் வகையும் பொருந்த வேண்டும். நைலான் சுருள் பல், உலோகப் பல், தடித்த பிளாஸ்டிக் பல் என மூன்று வகைக்கும் ரன்னர் வேறு வேறு.

அடுத்த மாதம் சம்பளம் வாங்கியதும் அம்மா மூணாறு பஜாருக்குப் போனார். மகனின் ஜெர்கினுக்கு ஒரு ரன்னர் வேண்டும். கழன்ற பழைய ரன்னர் தாளில் மடித்துக் கையில் இருந்தது. கடைக்காரர் ஒரு ரன்னரை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

அம்மா அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல மூணுன்னு இருக்கு அண்ணாச்சி. எனக்கு அஞ்சு வேணும்."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. மாட்டிப் பாரு, ஓடும்."

"ஓடாது. பழசுல பாருங்க, அஞ்சுன்னு போட்டிருக்கு. பிளாஸ்டிக் பல்லுக்கு உள்ளது குடுங்க."

கடைக்காரர் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் வேறு டப்பாவைத் திறந்தார்.