அப்பாவின் சால்வையில் ஓட்டை

கேள்வி: ராணுவத்திலிருந்த அப்பா காஷ்மீரிலிருந்து கொண்டுவந்த கம்பளிச் சால்வையில் சின்னச் சின்ன ஓட்டைகள். வெந்நீரில் துவைத்துத்தானே பீரோவில் வைத்தேன்?
– வாசகி, அறந்தாங்கி

பதில்: கவலைப்படாதீர்கள் அம்மா, காப்பாற்றிவிடலாம். ஓட்டை போட்டது அந்துப்பூச்சியின் புழு. நம் தலைமுடியில் இருக்கும் கெரட்டின் புரதம்தான் கம்பளியிலும் இருக்கிறது. அதுதான் அதற்குத் தீனி. வியர்வையும் குழம்புக் கறையும் பட்ட இடத்தைத்தான் முதலில் தேடிப்போய்க் கடிக்கும்.

சால்வையைப் பாலித்தீன் பையில் இறுகக் கட்டி, ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். மைனஸ் 18 டிகிரிக் குளிரில் புழுவும் முட்டையும் செத்துவிடும்.

இனி வெந்நீர் வேண்டவே வேண்டாம். கம்பளி இழையின் மேல் மீன் செதில் போல அடுக்குகள் உண்டு. சூட்டில் கசக்கினால் அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, துணியே சுருங்கித் தடித்துப்போகும். பச்சைத் தண்ணீரில் துளி ஷாம்பு கலந்து, மெல்ல அமுக்கி எடுங்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, நிழலில் கோரைப்பாயில் விரித்துப் போடுங்கள். கொடியில் போட்டால் ஈரக்கனத்தில் இழுபட்டுவிடும்.

நம் பக்கம் மார்கழிப் பனிக்கு நாலு நாள் போர்த்துவதோடு சரி. மற்ற மாதமெல்லாம் பீரோ இருட்டு. புழுவுக்கு அதுதான் வசதி. மாதம் ஒருமுறை எடுத்து உதறி, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். ஓட்டைகளை ரஃபூ தெரிந்த தையல்காரரிடம் கொடுங்கள். இழை இழையாகக் கோத்துத் தருவார்.