உறங்காவில்லி தாசரின் இல்லறமும் சேவகமும்

ஸம்ஸாரத்தில் இருந்துகொண்டு பகவத் விஷயத்தில் ஈடுபடுவது எங்ஙனம் என்னும் வினா, பெரியோர்களை அண்டி வருவோர் பலரும் கேட்கும் வினாவாகும். அலுவல் ஒருபுறம் இழுக்கிறது. மனைவி மக்கள் ஒருபுறம் இழுக்கின்றனர். உள்ளம் நாடும் உயர்ந்த பொருளோ ஓய்வுக் காலத்துக்கென ஒதுக்கி வைக்கப்படுகிறது. தொழிலையும் துணையையும் விட்டாலன்றி இதற்கு வழியில்லை என்று எண்ணிச் சோர்வோரும் உளர். இவ்வெண்ணம் சரிதானா என்பதை ஆராய்வதற்கு, எம்பெருமானாரின் சீடர்களுள் ஒருவரான பிள்ளை உறங்காவில்லி தாசரின் சரிதம் பெரிதும் துணை செய்யும்.

இவர் உறையூரில் மல்லர் குலத்தில் தோன்றியவர். சோழ மன்னனிடம் சேவகம் புரிந்தவர். வடமொழியில் இவரைத் தனுர்தாஸர் என்பர். உறங்காவில்லி என்பது, வனவாசம் முழுவதும் கண் துயிலாது வில்லேந்திக் காவல் நின்ற இளையபெருமாளை நினைப்பூட்டும் திருநாமம். இவருடைய தேவியார் பொன்னாச்சியார். அவருடைய கண்ணழகில் இவர் கொண்டிருந்த ஈடுபாடு ஊர் அறிந்தது. திருவரங்கத்தில் உத்ஸவம் நடைபெற்ற ஒரு நாளில், பெருந்திரளான மக்கள் நடுவே, அம்மையார் மீது வெயில் படாதவாறு குடை பிடித்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்த வண்ணம் இவர் நடந்து சென்றார். கண்டவர் நகைத்தனர். நகைப்பது இவர் செவியில் விழவேயில்லை.

காவிரியில் நீராடி எழுந்தருளிய உடையவர் இக்காட்சியைக் கண்டார். அவர் நகைக்கவில்லை, இகழவுமில்லை. இவரை அழைத்து, இவ்வாறு செய்வதற்குக் காரணம் யாது என்று வினவினார். அம்மையாரின் கண்களுக்கு ஒப்பான அழகு வேறெங்கும் இல்லாமையே காரணம் என்று இவர் மறைக்காது விண்ணப்பித்தார். அதனினும் அழகிய கண்களைக் காட்டினால் அவற்றுக்கு ஆட்படுவீரோ என்று உடையவர் கேட்க, இவரும் இசைந்தார். பெரியபெருமாள் ஸந்நிதிக்கு அழைத்துச் செல்லப்பட்டு, அரங்கன் தன் திருக்கண்களைக் காட்டியருள, அன்று முதல் இவர் எம்பெருமானாரின் திருவடிகளைப் பற்றியவரானார் என்பது குருபரம்பரை கூறும் செய்தி.

இக்கதையைப் பலரும் இத்துடன் நிறுத்திவிடுவர். ஆயின் ஆழ்ந்து நோக்கத்தக்கது இதற்குப் பின் நடந்ததேயாகும். அரங்கன் கண்ணழகைக் கண்ட மல்லர் மனைவியைத் துறந்தாரா? இல்லை. தம்பதிகள் இருவருமே உறையூரை விட்டுத் திருவரங்கத்தில் குடியேறி, ஒரே ஆசாரியனை அடைந்து, ஒரே இல்லத்தில் வாழ்ந்தனர். அவர் கைவாளைக் கீழே வைத்தாரா? அதுவும் இல்லை. அன்பு செலுத்தும் இயல்பை உடையவர் அழிக்க முற்படவில்லை. அவ்வன்பு சென்று சேரவேண்டிய இடத்தைக் காட்டினார். குடை பிடிக்கத் தெரிந்த கைக்குக் கைங்கர்யம் புதிதன்று.

இதனை வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. 1017-ஆம் ஆண்டில் அவதரித்தவராகப் பெரியோர் கொள்ளும் இந்த ஆசாரியரின் சொந்த இல்லறமோ இவ்வாறு அமையவில்லை. காஞ்சியில் தேவப்பெருமாளுக்கு ஆலவட்டக் கைங்கர்யம் செய்துவந்த திருக்கச்சி நம்பிகள் அமுது செய்த சேஷத்தைத் தாம் பெறவேண்டும் என்பது அவருடைய மனோரதம். தேவியார் தஞ்சமாம்பாளோ, நம்பிகள் உண்டு சென்றதும் இடத்தைச் சுத்தி செய்து, எஞ்சியதைப் பிறர்க்கு அளித்து, நீராடி மீண்டும் தளிகை செய்தார். பின்னர்க் கிணற்றடியில் பெரிய நம்பிகளின் தேவியாரோடு நேர்ந்த பூசலால், பெரிய நம்பிகள் ஒருவரிடமும் சொல்லாமல் திருவரங்கத்துக்கே திரும்பும்படி ஆயிற்று. முடிவில் தேவியாரைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிட்டு அவர் துறவு பூண்டார். தஞ்சமாம்பாளைத் தீயவராகக் காட்டும் வழக்கம் நியாயமானதன்று. தாம் பிறந்த வீட்டில் கற்ற ஆசாரத்தையே அவர் கடைப்பிடித்தார். இருவர்க்கும் உயர்ந்ததாகத் தோன்றிய பொருள்கள் வெவ்வேறாக இருந்தன. ஒரு கூரையின் கீழ் அவை பொருந்தவில்லை. அவ்வளவே.

தம் வாழ்வில் அப்படி நேர்ந்தும், சீடர்கள் யாவரும் தம்மைப் போலவே துறக்க வேண்டும் என்று எம்பெருமானார் விதித்தாரல்லர். செல்வத்தைத் துறந்து தேவியார் ஆண்டாளுடன் திருவரங்கம் வந்து, உஞ்சவிருத்தியால் இல்லறம் நடத்திய கூரத்தாழ்வானும் அவருடைய சீடரே. அரச சேவகத்திலிருந்து வந்த மல்லரும் அவருடைய சீடரே. அவரவர் நிலைக்கு ஏற்ற வழியை ஆசாரியன் அறிவான்.

தாசரின் இல்லறம் எத்தகையது என்பதை ஓர் இரவு வெளிப்படுத்திற்று. நீராடித் திரும்புகையில் உடையவர் இவர் கையைப் பற்றிக்கொண்டு எழுந்தருளுவது வழக்கம். நீராடிய பின் மல்லர் குலத்தவரைத் தீண்டலாமோ என்று மடத்துச் சீடர்கள் சிலர் முணுமுணுத்தனர். ஒரு நாள் இரவு, உலர்த்தியிருந்த அச்சீடர்களின் வஸ்திரங்களை உடையவர் கிழித்து வைக்கச் செய்தார். விடிந்ததும் அவர்கள் ஒருவரையொருவர் கடுஞ்சொற்களால் ஏசிக்கொண்டனர். பின்னர் ஓர் இரவு, தாசரைத் தம்முடன் பேச்சில் நிறுத்திக்கொண்டு, அச்சீடர்களையே தாசர் இல்லத்துக்கு அனுப்பி, உறங்கும் பொன்னாச்சியாரின் ஆபரணங்களைக் கவர்ந்து வருமாறு நியமித்தார்.

அம்மையார் விழித்துக்கொண்டார், ஆயினும் வந்தவர்கள் ஸ்ரீவைஷ்ணவர்கள் என்பதை உணர்ந்து உறங்குவார் போலவே கிடந்தார். அவர்கள் ஒரு பக்கத்து நகைகளைக் கழற்றி முடித்தபின், மறுபக்கத்தையும் கொள்ளட்டும் என்று திரும்பிப் படுத்தார். விழித்துவிட்டார் என அஞ்சி அவர்கள் ஓடிவிட்டனர். வீடு திரும்பிய தாசர், தேவியாரின் ஒரு பக்கம் மட்டும் வெறுமையாக இருப்பது கண்டு காரணம் கேட்டார். கேட்டபின் வருந்திக் கடிந்துகொண்டார். எதன் பொருட்டு? நகை போனதற்காக அன்று. ‘என்னுடையதை நான் கொடுக்கிறேன்’ என்ற நினைவோடு புரண்டதால் அன்றோ அவர்கள் அஞ்சி ஓடினர். எல்லாம் எம்பெருமானுடைய உடைமை என்று அசையாமல் கிடந்திருந்தால் முழுவதும் கொண்டு சென்றிருப்பரே என்பதற்காக! பின்தொடர்ந்து வந்து மறைவில் நின்று கேட்ட சீடர்கள் வெட்கமுற்றனர்.

அம்மையார் செய்ததே பெரிய செயலன்றோ, அதற்கும் கடிந்துகொள்ள வேண்டுமோ என்று இக்காலத்தவர்க்குத் தோன்றக்கூடும். தோன்றுவதில் தவறில்லை. ஆனால் அவ்வீட்டில் கணவனும் மனைவியும் எதைக் குறித்து வழக்காடினர் என்பதைக் கவனிக்கவேண்டும். பொருள் வந்ததா போனதா என்பது அங்கே பேச்சே அன்று. தம் நெஞ்சில் ‘நான், எனது’ என்பது எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதே பேச்சு. இருவரும் ஒரே அளவுகோலைக் கைக்கொண்டிருந்ததால் பூசலும் பிரிவாக முடியவில்லை. முன்னர்க் கூறிய காஞ்சி இல்லத்துக்கும் இவ்வில்லத்துக்கும் உள்ள வேற்றுமை இதுவே. பொன்னாச்சியாரும் குறைந்தவர் அல்லர். அவருடைய ஞானத்தைக் காட்டும் ஐதிஹ்யங்கள் ஸம்ப்ரதாயத்தில் உண்டு.

இனி அவருடைய தொழில். மல்லர் கற்ற வித்தை காவல். ஸ்ரீபாஷ்யம் இயற்றிய ஆசாரியனுக்குச் சீடரானபின் அவரும் ஏட்டுச்சுவடி ஏந்தும் பண்டிதராக முயன்றிருக்கலாம். அவ்வாறு தம்மை மாற்றிக்கொள்ள அவர் விழையவில்லை. நம்பெருமாள் புறப்பாடு கண்டருளும்போது வாளை உருவிப் பிடித்துக்கொண்டு முன்னே செல்வார். திருமேனிக்குச் சிறிது தீங்கு நேர்ந்தாலும் அவ்வாளால் தம் உயிரை மாய்த்துக்கொள்வது என்பது அவர் துணிவு. ஸர்வ ரக்ஷகனான எம்பெருமானுக்குக் காவலா என்று தர்க்கம் பேசுவோர் கேட்கலாம். கண்ணனுக்கு இட்ட ஆசனத்தைக் கையால் தடவிப் பார்த்த விதுரரை மஹாமதி என்று போற்றியது போல, பரிவு மிக்க இவரையும் ஆசாரியர்கள் மஹாமதி என்று கொண்டாடினர். அரசனுக்காக ஏந்திய அதே வாள்தான். ஏந்திய கையும் அதுவே. யாருக்காக என்பது மட்டும் மாறியது.

உறையூருக்கும் அரங்கத்துக்கும் இடையே காவிரி ஒன்றுதான் உள்ளது. பங்குனி ஆயில்யத்தன்று நம்பெருமாள் உறையூருக்கு எழுந்தருளிக் கமலவல்லி நாச்சியாருடன் சேர்த்தி கண்டருளுவதும், அது பற்றி ஸ்ரீரங்க நாச்சியார் பிணக்குக் கொள்ள, நம்மாழ்வார் இடைநின்று தீர்த்துவைத்தபின் பங்குனி உத்திரத்தன்று இருவரும் சேர்த்தியில் எழுந்தருளுவதும் யாத்திரிகர்கள் சேவித்திருக்கக் கூடியவையே. திவ்ய தம்பதிகளின் இல்லத்திலும் ஊடல் உண்டு என்பதில் ஸம்ஸாரிகளுக்கு ஓர் ஆறுதல் இருக்கத்தான் செய்கிறது! அந்தச் சேர்த்தியிலேதான் எம்பெருமானார் சரணாகதி கத்யத்தை விண்ணப்பம் செய்தார். பெருமாள் நதியைக் கடந்து செல்லும் அந்த வழியில்தான் ஒரு காலத்தில் உறையூர் மல்லர் குடையுடன் வந்தார்.