மறைந்துபோன செயின்ட் ஹெலினா ஒலிவம்

ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கே, தென் அட்லாண்டிக் மாகடலில் செயின்ட் ஹெலினா என்னும் சிறு தீவு உள்ளது. அதன் பரப்பு சுமார் 122 சதுர கிலோமீட்டர். உலகில் வேறெங்கும் காணப்பெறாத தாவரங்கள் பல அங்கு உண்டு. அவற்றுள் ஒன்று 2003-ஆம் ஆண்டில் முற்றிலும் அழிந்தொழிந்தது. செயின்ட் ஹெலினா ஒலிவம் என வழங்கிய அதன் அறிவியற்பெயர் நெசியோட்டா எலிப்டிகா என்பதாகும்.

தாவரத்தின் இயல்பு

பெயரில் ஒலிவம் எனினும் இது ஒலிவக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. நம் நாட்டு இலந்தை அடங்கிய ராம்னேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. தீவின் நடுவேயுள்ள மலைமுகட்டில், மேகம் படியும் ஈரக்காட்டில் புதராகவும் சிறுமரமாகவும் வளர்ந்தது. இலையின் மேற்புறம் கரும்பச்சை நிறமுடையது; அடிப்புறம் வெளிறி மயிர் செறிந்தது. பூக்கள் வெளிறிய இளஞ்சிவப்பு நிறத்தில் கொத்தாக மலரும். இப்பேரினத்தில் இந்த ஓர் இனமே இருந்தமையால், இனத்தோடு பேரினமும் மறைந்தது.

இதனை முதன்முதல் விவரித்தவர் வில்லியம் ராக்ஸ்பரோ. கல்கத்தா தாவரப் பூங்காவின் கண்காணிப்பாளராயிருந்த அவர், 1813-இல் இந்தியாவை விட்டுச் சென்றபோது வழியில் இத்தீவில் தங்கி அங்குள்ள தாவரங்களை ஆராய்ந்தார்.

அழிவின் காரணங்கள்

16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேசியர் கொண்டுவந்து விட்ட வெள்ளாடுகள் பெருகி இளங்கன்றுகளை மேய்ந்தன. குடியேறியோர் விறகுக்காகவும் மரத்துக்காகவும் காட்டை வெட்டினர். பின்னர் நார் எடுப்பதற்காக நியூசிலாந்து நார்ச்செடி மலைச்சரிவுகளில் பயிரிடப்பட்டு, எஞ்சிய காட்டையும் சுருக்கியது. 1966-இல் அத்தொழில் நின்ற பின்னரும் அச்செடி அகலவில்லை.

இறுதி முயற்சி

ஒலிவம் அழிந்ததென்றே கருதப்பட்ட நிலையில், 1977-இல் அத்தீவினரான ஜார்ஜ் பெஞ்சமின் செங்குத்தான பாறைச்சரிவில் ஒரே ஒரு மரத்தைக் கண்டுபிடித்தார். அதனைப் பெருக்க ஆராய்ச்சியாளர் அரிதின் முயன்றனர். ஆயின் இத்தாவரம் பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. வளமான விதை உண்டாக மற்றொரு மரத்தின் மகரந்தம் வேண்டும். அம்மற்றொரு மரம் இல்லை. போத்து நட்டு வளர்த்தாலும் அது அதே மரத்தின் கூறேயாதலின், மகரந்தச் சேர்க்கைக்குப் புதிய துணையாகாது. காட்டிலிருந்த மரம் 1994-இல் பட்டுப்போயிற்று. அதிலிருந்து வளர்க்கப்பெற்ற கடைசிச் செடியும் பூசண நோயாலும் கறையானாலும் தாக்குண்டு 2003 டிசம்பரில் மடிந்தது.

அறியத்தக்கவை

கண்டுபிடிப்புக்கும் அழிவுக்கும் இடையே 26 ஆண்டுகள் கிடைத்தும் இனத்தைக் காக்க இயலவில்லை. அரிய தாவரம் ஒன்றைக் காக்கும் பணி, வேறுபட்ட மரங்கள் பல எஞ்சியுள்ளபோதே தொடங்க வேண்டும் என்பது இதனால் விளங்கும். களப்பணியாளர் விதை சேகரிக்கும்போது ஒரே மரத்தில் நில்லாது, இயன்றவரை பல மரங்களிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே குறித்து வைத்தல் நன்று.

ஆசிரியர்கள் இலந்தைப் பூவைக் கைலென்சின் கீழ் வைத்து, ஒவ்வோர் இதழுக்கும் நேரெதிரே ஒரு மகரந்தக்காம்பு நிற்பதை மாணவர்க்குக் காட்டலாம். மறைந்த ஒலிவத்திற்கும் உரிய குடும்பப் பண்பு அதுவே.