உயரம் தந்த வளையம்

கேள்வி: கொரியப் பெண்கள் ஹேண்ட்பாலில் ஒலிம்பிக் தங்கமே வாங்கியிருக்கிறார்களாமே! கையால் ஆடும் பந்தாட்டத்தில் அப்படிப் பெயரெடுத்த தமிழ்ப் பெண் உண்டா?
– வாசகி ஒருவர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: ஒன்றல்ல, இரண்டு தங்கம்: 1988 சியோல், 1992 பார்சிலோனா. 1992 முதல் 2008 வரை ஐந்து ஒலிம்பிக்கில் ஆடிய ஓ சொங் ஓக் கொரியாக்காரர்தான். இந்தியப் பெண்கள் அணியோ ஒலிம்பிக் வாசலையே இன்னும் மிதிக்கவில்லை.

ஆனால் வலைப்பந்தாட்டத்தில் (நெட்பால்) ஒருவர் இருக்கிறார். யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவனின் தர்ஜினி சிவலிங்கம்.

உயரம் 6 அடி 10 அங்குலம். சிறு வயதில் அதற்காகவே கேலிக்கு ஆளானவர். வலைப்பந்தில் அதுவே ஆயுதமானது. இந்த ஆட்டத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கைமாற்றித்தான் ஆக வேண்டும். வளையம் 10 அடி உயரத்தில், பின்பலகை கிடையாது. எறிபவரிடமிருந்து தடுப்பவர் 3 அடி தள்ளியே நிற்க வேண்டும். சக வீராங்கனை பந்தை உயரே தூக்கிப் போட்டால், தர்ஜினிக்கு முன் அதை எட்டிப் பறிக்க ஆளேது? உயரம் மட்டும் இருந்து குறி தவறினால் பயனில்லை. இவருக்குக் குறியும் வாய்த்தது.

இலங்கை ஆசியப் பட்டம் வென்ற 2009, 2018 அணிகள் இரண்டிலும் இருந்தார். ஆஸ்திரேலியக் கிளப்புகளுக்கும் ஆடினார். 2019 லிவர்பூல் உலகக் கோப்பையில், நாற்பதை எட்டிய வயதிலும், கோல் அடித்தவர்களின் முன்வரிசையில் நின்றார்.